கால் முந்திப் பிறந்தவள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் கூடினால், பேச்சு பிள்ளைகளின் படிப்பில் ஆரம்பித்து இடுப்பில் வந்து நிற்கிறது. ஒருத்திக்கு டிஸ்க் விலகியிருக்கிறது. ஒருவர் பெல்ட் கட்டிக்கொண்டுதான் பந்தியில் உட்காருகிறார். எந்த எண்ணெய் கேட்கும், எந்த ஊர் பிசியோதெரபிஸ்ட் கைராசிக்காரர் என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். "உனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கே" என்று கேலி வேறு. எனக்கும் இருக்கிறது, உங்களுக்கெல்லாம் இருக்கிற அதே இடத்தில். ஆனால் இடுப்பு வலி என்று வாயைத் திறந்தால் என் பேச்சு வேறு எங்கோ போய்விடும். கல்யாண வீட்டில் பேசக்கூடிய விஷயமும் இல்லை அது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் நான் ஊர்க்காரர்களின் முதுகை மிதித்துக்கொண்டிருந்தேன்.

உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முந்தி வந்த பிள்ளையின் காலுக்கு ஒரு குணம் உண்டு என்பார்கள். சுளுக்கு, இடுப்புப் பிடிப்பு, குனிந்த ஆள் நிமிர முடியாமல் அப்படியே நிற்பது, எதுவானாலும் அந்தப் பிள்ளை வலித்த இடத்தில் மூன்று தடவை மிதித்தால் விட்டுவிடும். எங்கள் கரிசல் பக்கம் அதை வைத்தியம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். பசித்தால் சாப்பிடுவது மாதிரி, பிடித்தால் மிதிப்பது.

நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பெண். நான் பிறந்த அன்று, வீட்டுக்குப் பெரியவரான பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். பேறு பார்த்த நர்ஸம்மா கதவைத் திறந்து பொம்பளப் பிள்ளை என்றதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாராம். நர்ஸம்மா பின்னாலிருந்து, "அண்ணாச்சி, பிள்ளை கால் முந்தி வந்திருக்கு" என்றாளாம். அவர் திரும்பி வந்தார். வந்து துணியை விலக்கிப் பார்த்தது என் பாதங்களை. முகத்தைப் பார்த்தாரா என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் வீடு கோவில்பட்டியில் ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது. வீட்டின் முன்பாதி பெரியப்பாவின் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ். பின்பாதியில் நாங்கள். அப்பா மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தார், பகலில் தூங்குவார், பெரியப்பாவிடம் குரல் உயர்த்த மாட்டார். முன்கட்டில் பெண்கள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதுகை வளைத்துக்கொண்டு, சட்டத்தில் குச்சி அடுக்குவார்கள். காய்ச்சின மெழுகின் வாசனையும் மருந்தின் காரமும் எங்கள் சோற்றிலேயே அடிக்கும். பொழுதுக்கும் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்? அவர்கள் போக, மூட்டை தூக்குகிறவர்கள், மில்லுக்காரர்கள், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து மிளகாய் பறித்து முதுகு ஒடிந்தவர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முதல் பஸ்ஸுக்கே வந்து வாசலில் நிற்பார்கள்.

அதற்கென்று சில விதிகள் இருந்தன. யார் வகுத்தது என்று தெரியாது, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் பல் விளக்கியிருக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கக் கூடாது. வந்தவர் வீட்டு நடையில் விரித்த சாக்கில் குப்புறப் படுக்க வேண்டும். நான் வருவதை அவர் பார்க்கக் கூடாது. இடது காலால்தான் மிதிக்க வேண்டும், மிதிக்கும்போது இரண்டு பேருமே பேசக் கூடாது. முடிந்ததும் நல்லது என்று சொல்லக் கூடாது, போயிட்டு வாரேன் என்றும் சொல்லக் கூடாது. எழுந்து திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட வேண்டும். பார்த்தால் போன வலி பின்னாலேயே வந்துவிடுமாம்.

ஆக, என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் முகத்தைப் பார்த்தது கிடையாது. நானும் அவர்கள் முகத்தைப் பார்த்தது கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான். வேர்வை காய்ந்த முதுகு, தழும்பு முதுகு, கால் வைக்கும்முன்பே நடுங்குகிற முதுகு. என் இடது பாதத்தின் அடியில் அவை மூச்சு வாங்கும். கடைத்தெருவில் யாராவது எனக்கு முன்னால் நடந்து போனால், அவர் முகம் தெரியாமலேயே, இவரை எனக்குத் தெரியும் என்று கால் சொல்லும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாத அறிவு.

குணமானார்களா என்று கேட்பீர்கள். ஆனார்கள். பிடிப்பு என்பது பெரும்பாலும் நாலு நாளில் தானாகவே விடுகிற சாமான் என்று இப்போது எனக்குத் தெரியும். முதல் மூன்று நாள் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு நாலாவது நாள்தான் என்னிடம் வருவார்கள். காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும் சரியாக இருக்கும்.

ஆனால் வீட்டில் என்னை யாரும் அடிக்க மாட்டார்கள். அக்காமார் இருவரும் கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு மட்டும் தோல் செருப்பு. பெரியப்பா கடலை மிட்டாய் வாங்கி வந்தால் முதல் துண்டு எனக்கு, அதுவும் என் மடியில் போடாமல் என் கால் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். கூட விளையாடுகிற பிள்ளைகள் என் காலுக்குப் பயந்து, என்னை யாரையும் தாண்ட விட மாட்டார்கள். படுத்துக் கிடக்கும்போது என் கால்கள் இரண்டும் வேறு யாரோ வந்து பாயின் கடைசியில் போட்டுவிட்டுப் போனவை என்று தோன்றும். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவேன். உள்ளே வைத்துக்கொள்ளப் பயம்.

ஒரு மழைக்குப் பிறகு நடந்தது இது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கரிசல் காடு உண்டு. மழை பெய்தால் சேறு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விடாது. நான் அதில் நடந்து போயிருந்தேன். வெயில் ஏறி மண் இறுகியதும் போய்ப் பார்த்தால், என் கால்தடம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஒன்றைக் காணவில்லை. அழிந்து போகவில்லை. சுற்றிலும் கத்தி போட்டு, சதுரமாக அறுத்து, பாளமாக எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அந்தக் குழிக்குள் மண் இன்னும் ஈரமாக இருந்தது. இடது கால்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். எழுந்திருக்க முடியாத யாரோ ஒருவருக்காக எடுத்திருப்பார்கள், படுக்கைக்கு அடியில் வைப்பார்கள் என்று பெரியப்பா பெருமையாகச் சொன்னார். அம்மா மீதி இருந்த தடங்களை எல்லாம் மண்வெட்டியால் கொத்திக் கலைத்தாள். அதன் பிறகு பல நாள், யாரோ தெரியாத ஒரு வீட்டில், ஒரு கட்டிலுக்கு அடியில் நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பதாகவே எனக்கு இருந்தது. அந்த ஆள் என்ன ஆனார் என்று இன்று வரைக்கும் தெரியாது.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்கு ஒரே தங்கச்சி. விளாத்திகுளம் பக்கம் இருந்த அவர்கள் வீட்டில் பெரியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, பெரியப்பாதான் "நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதைச் சொல்லிவிடுகிறேன். சித்திக்கு அவரே மாப்பிள்ளையும் பார்த்தார். மணியாச்சியில் ரயில்வே வேலை, நிரந்தரச் சம்பளம். மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வரும் நாளும் குறித்தாகிவிட்டது.

சித்தி அதிகம் சிரிக்கிறவள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முதலில் நின்றது. சிரித்தால் இடுப்பில் சுள்ளென்று பிடிக்கிறது என்றாள். பிறகு குடத்தை இடுப்பில் வைக்க முடியவில்லை. கீழே விழுந்த ஊசியை எடுக்கக் குனியாமல், தொடையில் கையை ஊன்றி, முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்து எடுத்தாள். சாயங்காலமானால் காய்ச்சலில் மேல் கொதிக்கும். சோறு இறங்காது. ரவிக்கைக்குள் கை எலும்பு தனியாக ஆடியது. கல்யாணக் கவலை என்றார்கள். புதுப்பெண் மெலிவது வழக்கம்தானாம்.

அம்மா இரண்டு தடவை ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள். என் காதாலேயே கேட்டேன்.

"அங்கன வரிசையில நிக்கிறவ பூரா நம்ம ஆபீஸ் பொம்பளைய" என்றார் பெரியப்பா. "பொழுது சாயுமுன்ன மணியாச்சிக்குச் சேதி போயிரும். பொண்ணுக்கு நோக்காடுன்னு பேராயிட்டா அப்புறம் எவன் வருவான்? வீட்டுலயே ஒரு மகராசி இருக்கா. அவ மிதிச்சா ஆகாதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அப்படித்தான் தினமும் காலையில் நான் சித்தியை மிதிக்கத் தொடங்கினேன். மற்றவர்களுக்கு ஒரு நாள் போதும். சித்திக்கு மட்டும் தினமும். முகம் தெரியாத முதுகுகளை மிதித்தே பழகின எனக்கு, தலை வாரிவிடுகிறவளின் முதுகில் கால் வைக்கக் கூசியது. அவள் கன்னத்தைச் சாக்கில் வைத்து, கண்ணை மூடிப் படுத்திருப்பாள். விதிப்படி பேச மாட்டாள். நான் கால் வைத்ததும் அவள் கை விரல்கள் மட்டும் சாக்கின் நூலைப் பிடித்து இழுக்கும்.

ஒரு காலையில்தான் அதை உணர்ந்தேன். முதுகுத்தண்டில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. துணிக்கு அடியில் புளியங்கொட்டை இருப்பது மாதிரி. அதற்குப் பக்கத்தில் கால் லேசாக அமுங்கியது. அமுங்கின இடம் குளிர்ந்திருந்தது. முந்தின சாயங்காலத்துக் காய்ச்சல் இன்னும் முழுசாக இறங்காமல் உடம்பெல்லாம் கணகணவென்று இருக்க, அந்த ஒரு இடம் மட்டும் கிணற்றுப் படிக்கட்டு மாதிரி சில்லென்று கிடந்தது. என் கால் அங்கே தனியாக எதையோ தொட்டுக்கொண்டிருந்தது. அந்த எதுவோ சித்தி இல்லை. நான் காலை எடுத்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அந்தப் பாதத்தைத் தரையில் வைக்காமல் நொண்டிக்கொண்டே திரிந்தேன்.

சாயங்காலம் சித்தி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, காலையில என்னத்துக்குக் காலை உருவுன?"

"அங்கன குளுருது சித்தி."

அவள் மெதுவாக, "எனக்கும் உள்ள யாரோ உக்காந்திருக்காப்புலதான் இருக்கு" என்றாள். "காலு வேற மதமதன்னு வருதுட்டி. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்கு. யாருட்ட சொல்ல?"

நான் பெரியப்பாவிடம் சொன்னேன். என் பேச்சுக்கு வீட்டில் மரியாதை உண்டு என்று நினைத்தேன். உண்டுதான். அவர் ஆபீஸ் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, எந்த இடம், எத்தனை விரல் அகலம் என்று கேட்டார். கேட்க கேட்க அவர் முகம் தெளிந்தது.

"அப்படிச் சொல்லு! குளுருதுன்னா வாய்வு அங்கனதான் திரண்டு நிக்கி. இத்தனை நாளும் இடம் தெரியாமலா மிதிச்சிருக்கோம்?"

அடுத்த இரண்டு நாளில் அவர் யார் யாரிடமோ விசாரித்து வந்தார். கட்டி நிற்கிற வாய்வுக்கு மெல்ல மிதித்தால் கேட்காதாம். உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, கால் முந்திப் பிறந்த பிள்ளை அந்த இடத்தின் மேல் குதிக்க வேண்டுமாம். ஒரே குதி. சடக்கென்று விட்டுவிடுமாம். அமாவாசை காலையில் செய்வது என்று முடிவானது. அதற்கு இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்குள் சித்தி நிமிர்ந்து நடந்து காபி கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

அந்தக் காலை இப்போதும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. சுவர் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முன்கட்டில் பெண்கள் இன்னும் வரவில்லை. அப்பா நைட் ஷிப்ட் முடிந்து திரும்பியிருக்கவில்லை. அக்காமாரைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தியை அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்து சாக்கில் படுக்க வைத்தாள். நடந்து வரும்போது சித்தியின் ஒரு கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பெரியப்பா உரலைக் கவிழ்த்து, ஆடாமல் அண்டை கொடுத்து, என்னைத் தூக்கி அதன் மேல் நிறுத்தினார். நான் பிறந்த பிறகு அவர் என்னைத் தூக்கினது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மேலேயிருந்து பார்த்தால் சித்தி ரொம்பச் சின்னதாக இருந்தாள். ரவிக்கைக்குக் கீழே அந்த எலும்பு தெரிந்தது. அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் எனக்குப் பட்டது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"குதி தாயி" என்றார் பெரியப்பா.

நான் அழுதேன். விதியை மீறி வாயைத் திறந்துவிட்டேன். "மாட்டேன். அங்கன குளுந்து கிடக்கு."

"அதனாலதான் குதிக்கணும். எங்கண்ணுல்லா. ஒரே ஒரு தடவை."

"அதுக்குள்ள ஏதோ இருக்கு பெரியப்பா."

"இருக்கதைத்தான் விரட்டப் போறோம்."

அவர் என் முழங்காலுக்குப் பின்னால் கை வைத்தார். தள்ளுவதற்கு இல்லை, தைரியம் கொடுக்கத்தான். ஆனால் நான் முன்னால் சாய்ந்தேன். அப்போதுதான் அம்மா சித்திக்கும் உரலுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்து, தங்கச்சியின் முதுகில் அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். எழுந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அத்தான், இவ கால் முந்திப் பொறக்கலை."

பெரியப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"எல்லாப் பிள்ளையளும் போலத் தலைதான் முந்தி வந்துச்சு. மூணாவதும் பொட்டைன்னா நீங்க மொகத்தைத் திருப்பிக்கிடுவீங்கன்னு நாந்தான் நர்ஸம்மா கால்ல விழுந்து அப்படிச் சொல்லச் சொன்னேன். அந்தம்மா எரக்கப்பட்டுச் சொன்ன பொய். இவ கால்ல ஒண்ணும் கிடையாது. இவ குதிச்சா எந்தங்கச்சி முதுகு ஒடியும், அம்புட்டுதான்."

நர்ஸம்மாவைக் கேட்கலாம் என்றால், அவள் எப்போதோ மகன் வீட்டோடு வெளியூர் போயிருந்தாள். பெரியப்பா துண்டைக் கையில் எடுத்துச் சுருட்டினார், பிரித்தார். இத்தனை வருடமும் வாசலில் வந்து நின்றவர்களெல்லாம் அவர் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

"பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லு" என்றார்.

எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. பொய்ச் சத்தியம் என்றால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது. அம்மா என் பக்கம் திரும்பினாள். உரல் மேல் நின்றதால் நான் அவள் உயரத்துக்கு இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வளையல் என் காதுக்குப் பக்கத்தில் சத்தம் போட்டது.

"இவ மேல சத்தியம்" என்றாள்.

பெரியப்பா போய்விட்டார். நான் பிறந்த அன்று இறங்கிப் போன அதே வாசல் வழியாக. அந்தத் தடவை யாரும் பின்னாலிருந்து கூப்பிடவில்லை.

அப்பா வந்ததும் ஒரு காரைப் பிடித்து, பின்சீட்டில் சித்தியை நீளப் படுக்க வைத்து, திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்புக்குள் டி.பி. என்றார்கள். முதுகுத்தண்டில் ஒரு கண்ணி அரித்து நொறுங்கிப்போயிருந்தது. பக்கத்தில் சீழ் கோத்திருந்தது. அந்தச் சீழ் சுடாதாம், அதன் குணமே அதுதானாம். ஓங்கி ஒரு மிதி விழுந்திருந்தால் அதோடு இரண்டு காலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை அம்மா எங்களிடம் சொன்னாள். பிறகு எதையோ எடுக்கப் போகிறவள் மாதிரி அடுப்படிக்குப் போய், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

சித்தி மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்தாள். மணியாச்சிக்காரர்கள் வரவில்லை. அந்த மாத்திரைகளின் வாடை மெழுகு வாடையையும் மீறி வீட்டில் அடித்தது. ஆனால் எழுந்தாள். நடந்தாள். பிறகு வேறொருவரைக் கட்டி, பிள்ளை பெற்று, இன்றைக்கும் தெருமுனைக் கடைக்கு அவளேதான் போய் வருகிறாள். சிரித்தால் தோள் குலுங்குகிறது. முதுகில் கொஞ்சம் கூனல், அவ்வளவுதான்.

என் காலம் அன்றோடு முடிந்தது. பெரியப்பா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. வாசலில் வந்து நின்றவர்களை "இனி இங்கன இல்லை" என்று திருப்பி அனுப்பினார். நானும் கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். செருப்பு தேய்ந்தபோது அக்காமாருக்கு வாங்கின ரப்பர் செருப்பே எனக்கும் வந்தது. கடலை மிட்டாய் கடைசித் துண்டானது. அதில் எனக்கு வருத்தமில்லை. பெரியப்பா முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார், பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. இந்த வீட்டில் எனக்கு இடம் கிடைக்க ஒரு பொய் வேண்டியிருந்தது என்ற எண்ணம் வந்துவிட்டால், அது இடுப்பு வலி மாதிரிதான், எப்படிப் புரண்டு படுத்தாலும் கூடவே வரும். அம்மா மேல் எனக்கு அந்தக் கோபம் இருந்தது. அவள் கண்ணை மூடும்வரை இருந்தது. அவளும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன வருடம் எனக்கும் குனிய முடியாமல் போனது. கோவில்பட்டியில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். நம் மகள் வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. குப்புறப் படுக்கச் சொல்லி, கட்டை விரலால் ஒவ்வொரு எலும்பாக அமுக்கி, "இங்கயா ஆன்ட்டி? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பேசிக்கொண்டே அமுக்குகிறாள் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினேன். பக்கத்துக் கட்டிலில் வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் ஊர், தெரு, அப்பா பேர் எல்லாம் விசாரித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏட்டி, நீயா! உன்னை வெளிய இழுத்துப் போட்டவ நாந்தானே!"

மகனோடு வெளியூர் போய், இப்போது திரும்பி வந்திருக்கிற நர்ஸம்மா. எனக்குக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எரக்கப்பட்டுப் பொய் சொன்னவள் அல்லவா. "நீங்க சொன்ன பொய்யிலதான் வளந்தேன்" என்றேன்.

"என்ன பொய்?"

சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு சொன்னா உனக்கு? இடது காலு மொதல்ல வந்துச்சு. கழுத்துல கொடி வேற மாலையாச் சுத்தியிருந்துச்சு. பொழைக்காதுன்னு நெனைச்சேன். உங்கம்மா மயக்கத்துலகூட இல்ல. தலையைத் தூக்கி, என்ன வருது, என்ன வருதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. காலு வருதுன்னேன். எங்கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்தப் பிடியை மறப்பேனா?"

பிசியோதெரபிப் பெண் என் முதுகு இறுகிவிட்டது, தளர்த்திக்கொள்ளுங்கள் என்றாள்.

அங்கிருந்து நேராகச் சித்தி வீட்டுக்குத்தான் போனேன். உரல், சாக்கு, அந்தக் காலை, எல்லாவற்றையும் நினைவுபடுத்தி, நர்ஸம்மா சொன்னதையும் சொன்னேன். சித்தி மிளகாய் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டே. அத்தான் துண்டைப் பாத்துக்கிட்டிருந்தாவ. கீழ கிடந்த எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுது. எங்கக்கா கை உந்தலையில படவே இல்லட்டி. ஒரு விரக்கடை மேலயே நின்னுச்சு. முடியிலகூடப் பட்டுரக் கூடாதுன்னு அவ்வளவு கவனம். எனக்காகப் பொய்ச் சத்தியமும் பண்ணணும், அது உம்மேல படவும் கூடாது. நடுங்கவே இல்ல அந்தக் கை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஊர்ல சொல்லுவே. மறுபடியும் வாசல்ல வந்து நிப்பாவ. அவ எது வேண்டாம்னு நெனைச்சாளோ அதுதானே நடக்கும்."

நான் அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். வளையல் சத்தம் இருக்கிறது. உச்சியில் ஒரு சூடு இருக்கிறது. கை பட்ட நினைவு எங்கே தேடினாலும் இல்லை. இத்தனை வருடமும் அது இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இப்போதும் வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பிசியோதெரபிக் கட்டிலில் போய்க் குப்புறப் படுக்கிறேன். கண்ணை மூடினால் போதும், உச்சந்தலைக்கு ஒரு விரற்கடை மேலே அந்தச் சூடு வந்து நிற்கிறது. நான் தலையைத் தூக்குவதில்லை. தூக்கினால் அது பட்டுவிடும்.